மெலிவிசை கற்ற கிதார்

கருவியிசை பயில்வார்க்கு இருவகைப் பயிற்சி இன்றியமையாதன என்பது எமது துணிபு. தாம் இசைத்ததைத் தாமே அயலார்போல் இருந்து கேட்டல் ஒன்று. தாம் இதுகாறும் நில்லாத இடத்தில் நின்று அதே பாட்டை நோக்குதல் மற்றொன்று. கிதார் பயிலும் மாணவனுக்கு முன்னதை அளிப்பது வீட்டிலே செய்யும் ஒலிப்பதிவு. பின்னதை அளிப்பது பேஸ் கிதார். இவ்விரண்டையும் பற்றி யாம் கற்றனவும், கடந்த கோடை விடுமுறையிற் செய்து கண்டனவும் இங்கே சுருங்கக் கூறுவாம்.

பிறர் இசைத்துப் புகழ்பெற்ற பாட்டொன்றைத் தம் கருவியில் மீண்டும் இசைத்துப் பதிவு செய்தலைக் 'கவர்' என இந்நாளில் வழங்குவர். இஃது எளிய பொழுதுபோக்கென்று எண்ணற்க. மூலநூலை எழுத்தெண்ணிக் கற்றாலன்றி உரையாசிரியர் உரை வகுத்தல் இயலாது. அவ்வாறே பாட்டின் ஒவ்வோர் உறுப்பையும் பிரித்துணர்ந்தாலன்றிக் கவர் செய்வோன் அதனை மீளக் கட்டுதல் இயலாது. எந்த உறுப்பை அவன் கேளாது விட்டானோ, அவ்வுறுப்பின் குறை அவனது பதிவிலே வெளிப்பட்டுவிடும்.

மெலிவின் இயல்பு

நம் கல்லூரிச் சிற்றாலயப் பாடகர் குழுவினை அறிந்தோர் சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்னும் நால்வகைக் குரல்களை அறிவர். அவற்றுள் அடியில் நின்று ஏனையவற்றைத் தாங்குவது பேஸ். நம் முன்னோரும் ஒலிநிலையை மெலிவு, சமன், வலிவு என மூன்றாகப் பகுத்தனர். சிலப்பதிகாரத்தின் இசைப்பகுதிகளைப் பயின்றோர்க்கு இச்சொற்கள் புதியன அல்ல. மெலிவு என்பது ஈண்டு வலிமைக் குறைவன்று. தாழ்ந்த ஸ்தாயி என்பதே அதன் பொருள்.

கிதாருக்கு ஆறு தந்திகள். அவற்றுள் மிகத் தடித்தது ஒரு நொடிக்கு ஏறத்தாழ 82.4 முறை அதிரும். பேஸ் கிதாருக்குப் பெரும்பாலும் நான்கு தந்திகளே உண்டு. அவை கிதாரின் தடித்த நான்கு தந்திகளுக்கு நேரே ஒரு ஸ்தாயி கீழே நிற்பன. நொடிக்கு முறையே ஏறத்தாழ 41.2, 55, 73.4, 98 முறை அதிர்வன. ஒவ்வொரு தந்தியும் தன் கீழுள்ள தந்தியைக் குரலாகக் கொண்டால் அதற்கு உழையாய் நிற்கும். கிதாரில் இம்முறை ஓரிடத்திற் பிறழும். பேஸ் கிதாரிலோ எங்கும் பிறழ்வதில்லை. ஆதலின் ஓரிடத்திற் பழகிய விரலமைதி, வேண்டும் மெட்டும் தந்தியும் உள்ளவரை, எவ்விடத்தும் பொருந்தும்.

அங்ஙனமாயின் கிதாரின் பிருடையைத் திருகித் தந்தியைத் தளர்த்தினாற் போதாதோ எனின், போதாது என்க. தந்தியின் நீளம், முறுக்கு, நிறை ஆகியவற்றிற்கும் அதன் அதிர்வெண்ணுக்கும் உள்ள உறவினைப் பிரான்சு நாட்டு மெர்சென் என்னும் துறவி 1636ஆம் ஆண்டிலே தமது நூலில் விளக்கினார். அவ்விதிப்படி, தந்தியைத் தளர்த்தி மட்டுமே அதிர்வைப் பாதியாக்க வேண்டின் முறுக்கினை நாலிலொன்றாகக் குறைத்தல் வேண்டும். அவ்வாறு குறைந்த தந்தி மெட்டின்மேல் அறைபட்டு இரையுமேயன்றி இசையாது. நீளத்தை மட்டும் கூட்டுவோமாயின், மின்கிதார் பலவற்றிற் காணப்படும் 25.5 அங்குலத் தந்தி 51 அங்குலமாதல் வேண்டும். அதன் மெட்டுக்களை அமர்ந்திருந்து விரல்கொண்டு எட்டுதல் அரிது. ஆகவே கருவி வல்லோர் இடைவழி கண்டனர். நீளத்தை 34 அங்குலமாக்கி, எஞ்சிய தாழ்வினைத் தந்தியின் பருமையாற் பெற்றனர். கிதாரின் தடித்த தந்தி 0.046 அங்குலம் எனின், பேஸ் கிதாரின் தடித்த தந்தி 0.105 அங்குல அளவினது.

இதனாற் கற்போனுக்கு நேரும் இடர்ப்பாடு யாதெனின், விரல்களின் எட்டு ஆகும். கிதாரில் முதல் மெட்டு ஏறத்தாழ 1.43 அங்குலத் தொலைவில் உளது. பேஸ் கிதாரில் 1.91 அங்குலத் தொலைவில் உளது. கிதாரிற் பழகிய கை முதல் வாரத்தில் ஒவ்வொரு மெட்டுக்கும் குறுகியே நிற்கும்.

பேஸ் கிதாரின் பிறப்பு

முற்காலத்து மேனாட்டு இசைக்குழுக்களில் மெலிவிசையைத் தாங்கியது டபிள் பேஸ் என்னும் ஆளுயரக் கருவி. அதற்கு மெட்டுக்கள் இல்லை. சுரத்தானத்தைச் செவியாலும் கைப்பழக்கத்தாலுமே அறிதல் வேண்டும். வண்டியில் ஏற்றிச் செல்லுதலும் அரிது. மின்கிதார் முழங்கத் தொடங்கியபின் அதன் ஓசையும் அமிழ்ந்து போயிற்று. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துப் பால் டட்மார்க் என்பார் 1930களின் இடைப்பகுதியிலேயே, மெட்டுக்களோடு கூடிக் கிதார்போல் ஏந்தி இசைக்கத்தக்க மின்பேஸ் ஒன்றை ஆக்கினார்; அது பரவவில்லை. கலிபோர்னியாவில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்த லியோ பெண்டர் 1951இல் வெளியிட்ட கருவியே உலகெங்கும் பரவியது. மெட்டுக்கள் இருத்தலாற் சுரத்தானம் துல்லியமாய் அமையும் என்பது பற்றி அதற்கு 'பிரிசிஷன் பேஸ்', அஃதாவது துல்லிய பேஸ், எனப் பெயரிட்டார். கிதார்களால் உலகப் புகழ் எய்திய அப்பெரியார் தாம் கிதார் இசைக்க அறியாதவர் என்பது வியத்தற்குரியது.

மனைப்பதிவின் முன்னோடி

அதே 1951ஆம் ஆண்டு மனைப்பதிவின் வரலாற்றிலும் நினைவுகூரத் தக்கது. விஸ்கான்சின் மாநிலத்து வாக்கிஷா என்னும் ஊரில் 1915இற் பிறந்த லெஸ் பால் என்னும் கிதார்ப் புலவர், ஒருவரே பலராய் இசைக்கும் வழியை நெடுங்காலம் ஆராய்ந்து வந்தார். ஹாலிவுட்டில் தம் வீட்டு மோட்டார்க் கொட்டிலையே பதிவுக்கூடமாக்கி, ஓர் இசைத்தட்டில் முதற்பகுதியைப் பதிந்து, அதனை ஒலிக்கவிட்டு உடன் இசைத்து, இரண்டும் சேர்ந்ததை மற்றொரு தட்டிற் பதிந்தார். இங்ஙனம் அடுக்கடுக்காக எட்டுக் கிதார்ப் பகுதிகளை அமைத்து அவர் வெளியிட்ட 'லவர்' என்னும் இசைத்தட்டு 1948இல் வந்தது. அப்பாட்டு 1932இல் ரிச்சர்டு ராட்ஜர்ஸ், லாரன்ஸ் ஹார்ட் என்னும் இருவரால் ஆக்கப்பட்டதாகலின், அஃதும் ஒரு கவரே.

அவ்வாண்டிலேயே மோட்டார் விபத்தொன்றில் அவரது வலக்கை நொறுங்கிற்று. முழங்கை இனி மடங்காது என்று மருத்துவர் கூறிய காலை, கிதாரை ஏந்துதற்கு ஏற்ற கோணத்திலேயே அதனைப் பொருத்துமாறு அவர் வேண்டிக்கொண்டனர்.

பின்னர்ப் பாடகர் பிங் கிராஸ்பி அவருக்குக் காந்த நாடாப் பதிவுக்கருவி ஒன்றை அளித்தார். லெஸ் பால் அதில் மேலும் ஒரு தலையைப் பொருத்தி, நாடாவிலுள்ள பழைய ஒலியைக் கேட்டுக்கொண்டே, அதனோடு புதிய ஒலியையும் சேர்த்து அதே நாடாவிற் பதியும் முறையைக் கண்டார். இம்முறையில் ஒரு பேரிடர் இருந்தது. புதிய அடுக்குப் பதியுங்கால் பழைய அடுக்கு அழிந்துவிடும். பத்தாம் அடுக்கிற் பிழை நேர்ந்தால், முன்னைய ஒன்பதும் அதனோடு கெட்டொழியும். முதலிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இவ்விடரைத் தாங்கி, அவர்தம் மனைவியார் மேரி போர்டு தம் குரலோடு தாமே இணைந்து பாட, நியூயார்க்கு நகரத்து வீட்டிலே பதிந்த 'ஹௌ ஹை த மூன்' என்னும் பாட்டு 1951இல் வெளிவந்தது. அமெரிக்க விற்பனை வரிசையில் ஒன்பது வாரம் முதலிடத்தில் நின்றது. அதுவும் 1940இல் மேடைக் காட்சி ஒன்றிற்காக இயற்றப்பட்ட பழைய பாட்டே.

இக்காலத்து மாணவனுக்கு இவ்விடர் இல்லை. கணினியில் ஒவ்வொரு பகுதியும் தனித்தடத்திற் பதிகின்றது. ஒன்றை அழித்தால் மற்றொன்று கெடுவதில்லை. இஃது ஒரு பேறு. ஆயின் கவனத்தைக் கெடுப்பதும் இதுவே. பிழைத்தாற் பின்னர்த் திருத்தலாம் என்னும் எண்ணம் முதலிலேயே செவ்விதாய் இசைக்கும் முயற்சியைத் தளர்த்துகின்றது. இவ்வுண்மையை யாம் எமது குறையினாலேயே அறிந்தோம்.

எமது முயற்சி

எம் அன்னையார் கடல்கடந்த நாடொன்றிற் செவிலியராய்ப் பணிபுரிகின்றார். விடுமுறையில் அவர் ஊருக்கு வர இயலாமையின், அவர் விரும்பும் பாட்டொன்றை எம் தங்கை பாட, யாம் கிதார் இசைத்துப் பதிந்து அனுப்புவதெனத் துணிந்தோம். அது இளையராஜா அவர்கள் 1980களில் இசையமைத்த திரைப்பாட்டு. அவர்தாமும் கிதாரிற் பயின்று தேர்ந்தவர். அவருடைய பாட்டுக்களிற் பேஸ் கிதார் தனக்கென ஒரு நடைகொண்டு பாடுவார் குரலோடு உரையாடிச் செல்லும் என்பது இசையறிந்தார் பலரும் பாராட்டுவது. யாமோ அப்பாட்டைக் குழவிப் பருவம் முதற் கேட்டிருந்தும், அதிலுள்ள பேஸ் கிதாரை ஒரு நாளும் செவிக்கொண்டோமல்லோம்.

சாளரத்தை மூடி, சுவரோரம் மெத்தையைச் சார்த்தி, ஒலிவாங்கி ஒன்றை மடிக்கணினியோடு இணைத்தோம். அடுத்த வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓயும் வேளை பார்த்து முதற்பதிவு செய்தோம். ஆறு தந்திகளையும் இடைவிடாது நிறைத்து மீட்டினோம். கை விரைந்தது, மனம் மகிழ்ந்தது. பின்பு ஹெட்போன் வழியாக அதனைக் கேட்டபோது அம்மகிழ்ச்சி நீங்கிற்று. நிமிடத்திற்கு 72 அடியாகத் தொடங்கிய பாட்டு, ஈற்றில் 80ஐ அணுகியிருந்தது. எம் தங்கை மூச்சு விட இடமின்றித் துரத்தப்பட்டிருந்தாள். அதனை அன்னையாருக்கு அனுப்பினோம். அவர், "நன்றாக இருக்கிறது, ஏன் இத்தனை அவசரம்?" என்று மட்டுமே கேட்டார்.

அவ்வினாவிற்கு விடை தேடும்போதே, பாடகர் குழுவைச் சேர்ந்த அண்ணன் ஒருவர் தம் பேஸ் கிதாரை ஒரு திங்கள் வைத்துக்கொள்ளுமாறு தந்தார். அதனை ஒலிவாங்கியின் முன் வையாது கம்பி வழியாகவே கணினிக்குச் செலுத்தலாம் ஆதலின், மோட்டாரின் இரைச்சலும் எம்மைத் தடுக்கவில்லை. ஆயின் வேறொரு தடை இருந்தது. அஃது எமது கிதார்ப் பழக்கம். நான்கு தந்திகளிலும் விரைவோட்டங்களை நிரப்பினோம். வெற்றிடம் கண்டவிடமெல்லாம் ஒரு சுரத்தை இட்டோம். எம் தங்கை கேட்டுவிட்டு, "அண்ணா, என் குரல் எங்கே போயிற்று?" என்றாள்.

மறுநாள் மூலப்பாட்டை எடுத்து, அதன் மெலிவிசையை மட்டும் பின்பற்றி முழுதும் கேட்டோம், எழுதியும் வைத்தோம். அப்போது மூன்று செய்திகள் விளங்கின. பேஸ் இசைப்போன் பெரும்பாலும் குரலிலும் இளியிலும் நிற்கின்றான். ஏனைய சுரங்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லும் வழியாகவே கொள்கின்றான் என்பது ஒன்று. சுரம் தொடங்கும் கணத்தினும் அது முடியும் கணமே பாட்டின் நடையை மிகுதியும் ஆளுகின்றது என்பது இரண்டாவது. தடித்த தந்தி தானாக ஓய்வதில்லை. இசைப்போன் விரல் வைத்து அடக்கினாலன்றி, ஒரு சுரத்தின் எச்சம் அடுத்த சுரத்திற் கலந்து தெளிவைக் கெடுக்கும். மூன்றாவது, அவன் இசையாது விடும் இடங்கள் பாடுவோருக்கு அவன் அளிக்கும் இடங்களாம் என்பது.

ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாய்த் தொடங்கினோம். மெட்ரோனோமை 72இல் நிறுத்தி, பேஸ் கிதாரையே முதலிற் பதிந்தோம். ஓர் ஆவர்த்தத்திற்கு இரண்டு அல்லது மூன்று சுரங்களே. பிழைத்தாற் பிழைத்த இடத்தை மட்டும் ஒட்டாமல், லெஸ் பால் காலத்து முறைமைபோல் முதலிலிருந்தே மீண்டும் இசைப்பதென்று எமக்கு நாமே விதி வகுத்துக்கொண்டோம். மூன்று மாலைகள் கழிந்தன, விரல்நுனிகள் கன்றின. நான்காம் நாள் முழுப்பாட்டும் ஒரே மூச்சில் அமைந்தது. அதன்மேற் கிதாரை இசைத்தபோது, ஆறு தந்திகளையும் நிறைக்க வேண்டுமென்னும் விருப்பம் தானே ஒழிந்தது. மெல்லிய மூன்று தந்திகளே போதியனவாயின. கிதாரின் தடத்தில் 100 அதிர்வுக்குக் கீழ்ப்பட்ட ஒலியைக் குறைத்து, அவ்விடத்தைப் பேஸ் கிதாருக்கே விட்டோம். இறுதியில் எம் தங்கை பாடினாள். இரண்டாம் முறையிலேயே பாட்டு நிறைவுற்றது.

கேளாதே கேட்கும் ஒலி

"இன்று பாடுவது எளிதாயிருந்தது, நீ என்ன செய்தாய்?" என்று அவள் வினவினாள். பேஸ் கிதாரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. யாம் சிறிது மனங்குன்றி, பேஸ் தடத்தை மட்டும் அடக்கிவிட்டு அதே பதிவை மீண்டும் ஒலிக்கச் செய்தோம். அவள் உடனே, "ஐயோ, பாட்டின் அடி கழன்றதுபோல் இருக்கிறதே!" என்றாள். இருக்கும்போது பெயர் சொல்லப்படாததும், நீங்கும்போது இன்றியமையாததாய் உணரப்படுவதும் மெலிவிசையின் இயல்பு என்பது அப்போது எமக்குத் தெளிவாயிற்று.

இதனை அன்னையாருக்கு அனுப்புவதில் ஓர் ஐயம் எழுந்தது. அவர் கைப்பேசியிற் கேட்பவர். அதன் ஒலிப்பான் மிகச் சிறிது. நொடிக்கு 41 அதிர்வுடைய ஒலியை எழுப்ப வல்லதன்று. அங்ஙனமாயின் எமது உழைப்பெல்லாம் அவர் செவி புகாதே என்று கலங்கினோம். ஒலிநூல் இதற்கு விடை கூறுகின்றது. 41 அதிர்வுடைய தந்தி அவ்வொன்றை மட்டும் எழுப்புவதில்லை. 82, 123, 164 என அதன் மடங்குகளையும் உடன் எழுப்புகின்றது. சிறு ஒலிப்பான் அடிப்படை ஒலியை விட்டு, மேலுள்ள மடங்குகளையே தருகின்றது. அம்மடங்குகளுக்கு இடையே எங்கும் 41 என்னும் அளவே இருத்தலின், செவியும் மூளையும் இல்லாத அடியொலியை உய்த்துணர்ந்து தாமே நிரப்பிக்கொள்கின்றன. ஆகவே பேஸ் கிதாரைப் பதிவோர் அதன் மேன்மடங்கொலிகளை முற்றும் வெட்டிவிடலாகாது. அவை வெட்டுண்டால், சிறு கருவியிற் கேட்போருக்கு மெலிவிசை இல்லாதே போகும்.

அன்னையாரிடமிருந்து மறுநாள் விடை வந்தது. "இந்த முறை பாட்டு அவசரப்படவில்லை. இரவுப் பணி முடிந்து வந்து மூன்று தரம் கேட்டேன்" என்று கூறியிருந்தார். பேஸ் கிதார் என ஒரு கருவி அதில் உண்டென்பதை அவர் இன்றளவும் அறியார்.

பெயர் பெறாதோர்

கிதாரினின்றும் பேஸ் கிதாருக்குச் சென்றோர் உலகில் மிகப் பலர். பீட்டில்ஸ் குழுவிற் பால் மெக்கார்ட்னி முதலிற் கிதார் இசைத்தவரே. 1961இற் ஸ்டூவர்ட் சட்கிளிப் குழுவினின்று விலகியபின் அவ்விடத்தை ஏற்றுக்கொண்டார். அவரே 1970இல் தம் பெயரால் வெளியிட்ட இசைத்தட்டிற் பெரும்பகுதியை இலண்டன் நகரத்துத் தம் வீட்டிலே, கருவிகள் எல்லாவற்றையும் தாமே இசைத்துப் பதிந்தார். கேரல் கே என்னும் அம்மையார் ஜாஸ் கிதாரிற் பயின்றவர். 1963இல் ஹாலிவுட்டுப் பதிவொன்றிற்கு வரவேண்டிய பேஸ் இசைப்போர் வாராமையால் அக்கருவியை ஏந்தினார். பின்னர் அதுவே அவருக்குத் தொழிலாயிற்று. 1969இற் பேஸ் கற்பிக்கும் நூலொன்றும் எழுதினார்.

டிட்ராயிட் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் பாட்டுக்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் இசைத்த பேஸ் கிதார் உலகெங்கும் ஒலித்தது. டபிள் பேஸினின்றும் அக்கருவிக்கு வந்த அவர், வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே தந்திகளை மீட்டுவார். கோடிக்கணக்கானோர் அவர் இசைக்கு ஆடினர். அவர் பெயரையோ அறியார். அந்நிறுவனம் 1971இல் வெளியிட்ட மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்னும் இசைத்தட்டிலேதான் இசைப்போர் பெயர்கள் அச்சேறின. ஜேமர்சன் 1983இற் காலமானார். 2000ஆம் ஆண்டில், ராக் இசையோர் புகழ்மண்டபத்திற் பின்னிசையாளருக்கென முதன்முறையாக ஒரு வரிசை வகுக்கப்பட்டபோது, அவர் பெயரும் அதிற் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

இதுகாறுங் கூறியவாற்றாற் பெறப்படுவது யாதெனின், பேஸ் கிதார் தந்தி குறைந்த எளிய கிதார் அன்று. அது வேறொரு கடமையுடைய கருவி. கிதார் பயில்வோன் ஒரு திங்களாயினும் அதனை ஏந்தி, ஒரு முழுப்பாட்டை வீட்டிலே பதிந்து, தானே அதனைக் கேட்பானாயின், பிறர்க்கு இடம்விட்டு இசைக்கும் முறையைக் கற்பான். மீண்டும் கிதாருக்கு வருங்கால் அவன் கை பழைய கை ஆகாது. புதுக் கருவி வாங்குதல் வேண்டும் என்பதும் இல்லை. இரவல் பெற்ற கருவியும், சாளரம் மூடிய ஓர் அறையும், பிழைத்தால் முதலிலிருந்து தொடங்கும் பொறுமையும் போதும்.

எமக்கு இரவல் தந்த அண்ணனிடம் அக்கருவியை விடுமுறை ஈற்றில் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது சிற்றாலயத்திற் பாடுங்கால் யாம் கேட்பது முதலில் பேஸ் குரல் பாடுவோரையே. அவர்கள் நால்வர், பின் வரிசையில் நிற்கின்றனர். அவர்தம் குரல் தனித்துக் கேட்பது அரிது. நண்பர்கள் அடுத்த முறை உற்றுக் கேட்பார்களாக.